ஜிம்மி பீட்டர்ஸ்: இங்கிலாந்து ரக்பி அணியில் ஒரு தச்சர் (1906–1908)

உளிச்சத்தம் | சனி, மதியம் 2:10

ரக்பியில எனக்கு அனா ஆவன்னாகூடத் தெரியாது. முதல்லயே சொல்லிடறேன், யாரும் கோச்சுக்காதீங்க. எங்கப்பா தச்சு வேலை. இழைப்பு மெஷின்ல இடது கை ஆள்காட்டி விரல் நுனி போய் இருபது வருஷம் ஆச்சு. அதனாலயோ என்னவோ, விரல் போன கைவேலைக்காரங்க கதை எங்க கண்ணில் பட்டாலும் நின்னு படிச்சிடுவேன். இன்னைக்கு அப்படி மாட்டினவர்தான் ஜேம்ஸ் பீட்டர்ஸ். ஊர்க்காரங்க வாயில ஜிம்மி.

1879-ல மான்செஸ்டரை ஒட்டின சால்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா வெள்ளைக்கார இங்கிலீஷ்காரி. இங்கிலாந்து ரக்பி யூனியன் (பக்கத்துக்கு 15 பேர் ஆடற ரக்பி) அணிக்கு ஆடின முதல் கறுப்பர் இவர்தான். தொழில் தச்சு. பிளிமத் கப்பல்துறையில் வேலை செஞ்சவர், 1910-ல அங்க நடந்த விபத்தில் மூணு விரலை இழந்தார். அதுக்கப்புறமும் ஆடியிருக்கார்!

எனக்கு ரெண்டே கேள்வி. மூணு விரல் இல்லாத கையால அந்த முட்டைப் பந்தை எப்படிப் பிடிக்கறது? இவ்வளவு திறமைன்னா, நாட்டுக்கு ஏன் அஞ்சே ஆட்டம்?

---

பழைய_பேப்பர் | சனி, மாலை 4:35

நல்ல ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

தந்தை ஜார்ஜ் பீட்டர்ஸ் சர்க்கஸில் சிங்கம் பழக்கியவர். பயிற்சிக் கூண்டுக்குள்ளேயே சிங்கங்கள் அவரைக் கொன்றுவிட்டன என்பதுதான் வழங்கிவரும் வரலாறு. அதன்பின் சிறுவன் ஜிம்மி வேறொரு சர்க்கஸ் கூட்டத்தில் சேர்ந்து, சேணம் இல்லாத குதிரைமேல் வித்தை காட்டும் பையனாக வளர்ந்தான். பதினொரு வயதில் கை உடைந்தது. கை உடைந்த பையனால் கூடாரத்துக்கு என்ன லாபம்? விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். லண்டனில் முதலில் ஃபேகன் இல்லம், பிறகு கிரீனிச்சில் இருந்த இன்னொரு அநாதை இல்லம். அங்கேதான் ஓட்டம், தாண்டல், கிரிக்கெட், ரக்பி எல்லாம் வந்தன. அச்சு வேலையும் தச்சு வேலையும் கைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

வேலை தேடி பிரிஸ்டல் போனார். 1900 முதல் 1902 வரை பிரிஸ்டல் கிளப்புக்கு ஆடினார். சேர்த்த உடனே தகராறு. ஒரு கறுப்பனை எடுத்ததைக் கண்டித்துக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் விலகிக்கொண்டார். வெள்ளைக்காரன் ஒருவனின் இடத்தை இவன் பிடித்துக்கொண்டான் என்று உள்ளூர்ப் பத்திரிகையும் முணுமுணுத்தது. 1902-ல் பிளிமத் போய்ச் சேர்ந்தார். அங்கே வேரூன்றினார். பிளிமத் இருக்கும் டெவன் மாவட்டத்து அணி 1906-ல் கவுன்டி சாம்பியன் ஆனபோது அந்த அணியின் மூளை இவர்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

---

சும்மா_வந்தேன் | சனி, மாலை 5:02

சிங்கம், சர்க்கஸ், அநாதை இல்லம்... எம்ஜிஆர் படம் ஒண்ணுக்கு ஆகும்போல இருக்கே. இன்டர்வெலுக்கு அப்புறம் சிங்கத்தோட சண்டை உண்டா?

---

கண்டிக்குளிர் | சனி, இரவு 7:48

எங்கட பக்கம் இதை 'றகர்' எண்டுதான் சொல்லுவம். கண்டியில பிராட்பி ஷீல்ட் (பள்ளிக்கூட றகர்க் கேடயம்) நாளில ஊர் முழுக்கக் கொடி பறக்கும், கடைக்காரன்கூட ஸ்கோர்தான் கேப்பான். எனவே உளிச்சத்தம் அண்ணை, உங்கட முதல் கேள்வியை என்னட்ட விடுங்கோ.

பீட்டர்ஸ் ஆடினது ஹாஃப் பேக் இடத்தில. முன்வரிசைக்காரர் ஸ்க்ரம்மில (ரெண்டு பக்கமும் குனிஞ்சு தோளோட தோள் முட்டுறது) தள்ளுப்பட்டு வெளியில விடுற பந்தை எடுத்து, பின்னால ஓடிவாறவங்களுக்கு வெட்டிக் குடுக்கிற வேலை. பந்து வாங்குறது வேற, குடுக்கிறது வேற. வாங்கேக்க விரல் பெருசா வேண்டாம். ரெண்டு முன்னங்கையையும் வயித்தோட சேர்த்துத் தொட்டில் மாதிரி வைச்சால் பந்து வந்து படுத்துக்கொள்ளும். ஆனா குடுக்கேக்க பந்தின்ர மூக்கு எந்தப் பக்கம் பார்க்கவேணும் எண்டு திருப்பிறது விரல் நுனிதான். அதுவும் அந்தக் காலத்துப் பந்து தோல். மழை பெய்தால் ஊறிப் பாரமாகிப் போகும், சவர்க்காரம் மாதிரி வழுக்கும். டெவனில மழைக்குக் குறைவில்லை.

அப்ப விரல் போன பிறகு அவர் பாஸைக் குறைச்சு, காலால உதைக்கிறதையும் தானே ஓடுறதையும் கூட்டியிருப்பார். நானெண்டால் அப்பிடித்தான் செய்வன். பள்ளிக்கூடத்தில சுண்டுவிரல் ஒண்டு முறிஞ்சு நாலு கிழமை ஆடினதுக்கே எனக்கு அழுகை வந்தது.

---

பழைய_பேப்பர் | சனி, இரவு 9:20

அருமை. இப்போது அஞ்சு ஆட்டக் கணக்கு.

1905 டிசம்பரில் நியூசிலாந்து 15-0 என்று இங்கிலாந்தை வென்றது. 1906 தொடக்கத்தில் வேல்ஸிடம் 16-3, அயர்லாந்திடம் 16-6 என்று அடிமேல் அடி. தோற்றுப்போகும்போதுதான் தேர்வாளர்களுக்குக் கண் திறக்கும் (எந்த ஊரிலும் இப்படித்தான்). மார்ச் 17, 1906 அன்று எடின்பரோவின் இன்வர்லீத் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராகப் பீட்டர்ஸுக்கு முதல் வாய்ப்பு. இங்கிலாந்து 9-3 என்று ஜெயித்தது. ஒரு ட்ரைக்கு (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) மூன்று புள்ளி என்ற காலம் அது, ஆக மூன்று ட்ரை. 1902-க்குப் பிறகு ஸ்காட்லாந்தை வென்றது அன்றுதான். அப்படியும் யார்க்‌ஷயர் போஸ்ட் பத்திரிகை, இனத்தை முன்னிட்டு இந்தத் தேர்வு அவ்வளவாக வரவேற்கப்படவில்லை என்ற பொருளில் எழுதியது. அதே ஆட்டத்தில் அவருடைய பாஸ்களைப் பாராட்டிய பத்திரிகையும் உண்டு.

அன்று ஹாஃப் பேக் ஜோடியைப் பாருங்கள். ஒருவர் ஏட்ரியன் ஸ்டூப்: ரக்பி என்ற ஊரின் பெரிய இடத்துப் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, கையில் பணம், பிற்காலத்தில் ஹார்லெக்வின்ஸ் கிளப்பின் மைதானத்துக்கே பெயர் கொடுத்தவர். மற்றவர் கப்பல்துறைத் தச்சர். இந்த ஜோடியைப் பற்றித் தனி இழையே போடலாம்.

ஐந்து நாள் கழித்துப் பாரிஸில், இங்கிலாந்தும் ஃபிரான்சும் மோதிய முதல் ஆட்டம். 35-8. பீட்டர்ஸ் ஒரு ட்ரை போட்டார். இரண்டு ஆட்டம், இரண்டு வெற்றி. அடுத்த ஆட்டம் டிசம்பர் 8, 1906, லண்டன் கிறிஸ்டல் பேலஸ், எதிரணி தென்னாப்பிரிக்கா. பட்டியலில் பீட்டர்ஸ் பெயர் இல்லை.

---

லெக்_கட்டர் | சனி, இரவு 9:41

தென்னாப்பிரிக்கான்னதும் புரிஞ்சுபோச்சு. பேசில் டி'ஒலிவெய்ரா கேஸ்!

தெரியாதவங்களுக்கு: தென்னாப்பிரிக்காவில பிறந்து, வெள்ளைக்காரர் இல்லாததால அங்க வாய்ப்பில்லாம இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடினவர். 1968 ஆகஸ்ட்ல ஓவல் மைதானத்தில ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 158 அடிச்சாரு. அடுத்து போட்ட தென்னாப்பிரிக்கா டூர் டீம்ல அவர் பேர் இல்லை. கத்தல் கிளம்புச்சு. அப்புறம் டீம்ல இருந்த கார்ட்ரைட் காயத்தால விலகவும் இவரைச் சேர்த்தாங்க, உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் ஒத்துக்க மாட்டேன்னுட்டார், டூரே ரத்து. 62 வருஷம் முன்னாடியே ரக்பிக்காரங்க ஒத்திகை பார்த்திருக்காங்க.

---

சும்மா_வந்தேன் | ஞாயிறு, காலை 8:15

எதுக்கெடுத்தாலும் இனம், நிறம்னு இழுக்கறது ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு. ஃபார்ம் இல்லைன்னு உக்கார வெச்சிருக்கலாம்ல? எட்டு மாசம் கேப் இருக்கு.

---

பழைய_பேப்பர் | ஞாயிறு, காலை 10:30

கேட்டது சரியான கேள்விதான். அதனால் அக்டோபருக்குப் போவோம்.

அந்தத் தென்னாப்பிரிக்க அணி பால் ரூஸ் தலைமையில் வந்தது. அந்த நாட்டு ரக்பி அணிக்கு 'ஸ்பிரிங்பாக்' என்ற பெயர் பிறந்ததே இந்தப் பயணத்தில்தான். 29 ஆட்டங்களில் தோற்றது இரண்டே இரண்டு. அந்த வரிசையில் டெவனோடும் ஓர் ஆட்டம் இருந்தது. டெவன் அணியில் பீட்டர்ஸ். கறுப்பன் ஒருவனுக்கு எதிரே நாங்கள் இறங்கமாட்டோம் என்று விருந்தினர்கள் முரண்டு பிடித்தார்கள். வெளியே கூட்டம் திரண்டு நிற்கிறது. ஆட்டம் இல்லை என்று சொன்னால் கலவரமே ஆகிவிடும் என்று எடுத்துச்சொல்லி இறக்கினார்கள். ஆட்டம் நடந்தது, பீட்டர்ஸ் ஆடினார். அதற்குப் பிறகுதான் டிசம்பர்ப் பட்டியல்.

சரி, அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் யார்? இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஃபிரெடி புரூக்ஸ். நம் பம்பாயில் பிறந்தவர், ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வாழ்ந்தவர். தென்னாப்பிரிக்க அணிக்குத் தேர்வாகப் போதுமான காலம் அங்கே குடியிருக்கவில்லை என்று கழித்துவிட்டார்கள். இங்கிலாந்து வந்தார், இங்கிலாந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைய 3-3 டிராவில் இங்கிலாந்தின் ஒரே ட்ரை அவர் போட்டது.

ஆர்னல்ட் ஆல்காக், மருத்துவ மாணவர். அவர் அன்று ஆடியதே எழுத்துப்பிழையால். தேர்வாளர்கள் எடுக்க நினைத்தது ஸ்லோகாக் என்ற முன்வரிசை வீரரை. குமாஸ்தா பெயரை மாற்றி எழுதிவிட்டார், கடிதம் ஆல்காக்குக்குப் போய்விட்டது. அவரும் வந்து ஆடிவிட்டுப் போனார். வாழ்நாளில் அந்த ஒரே ஆட்டம்.

ஆக, ரொடீசியாவிலிருந்து வந்தவருக்கு இடம் உண்டு, குமாஸ்தாவின் கைதவறுதலுக்கும் இடம் உண்டு. ஃபார்ம் பார்த்து எடுத்த அணி என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்று: தென்னாப்பிரிக்கர்கள் கப்பலேறிப் போனபிறகு, 1907-ல் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எதிராக அதே பீட்டர்ஸைத் திரும்ப எடுத்தார்கள். இரண்டிலும் தோல்வி. ஸ்காட்லாந்து ஆட்டத்தில் இங்கிலாந்துக்குக் கிடைத்த மூன்று புள்ளியும் பீட்டர்ஸ் போட்ட ட்ரை.

---

சும்மா_வந்தேன் | ஞாயிறு, காலை 11:04

எழுத்துப்பிழையில இன்டர்நேஷனலா! சரி, வாபஸ் வாங்கிக்கறேன்.

---

வரலாற்று_டீச்சர் | ஞாயிறு, மாலை 3:50

அந்த டெவன் ஆட்டக் கதையில் எனக்கு ஓர் உறுத்தல். பல இடங்களில் 'தென்னாப்பிரிக்க ஹை கமிஷனர்' (தூதர் மாதிரி) உடைமாற்றும் அறைக்குள் போய் வீரர்களைச் சமாதானப்படுத்தினார் என்று எழுதுகிறார்கள். 1906-ல் தென்னாப்பிரிக்கா என்று ஒரே நாடு கிடையாது. போயர் போர் 1902-ல்தான் முடிந்திருந்தது. கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு நதிக் குடியேற்றம் என்று நாலு தனித்தனிக் காலனிகள். ஒன்றியம் அமைந்தது 1910-ல். லண்டனில் அதற்கொரு ஹை கமிஷனர் வந்ததும் அதன்பிறகே. அப்போது லண்டனில் இருந்தது காலனி முகவர்கள், அவ்வளவுதான். வந்து பேசியது அப்படிப்பட்ட அதிகாரி யாரோ ஒருவராக இருக்கலாம். சொல்லிச் சொல்லிப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது!

இதனால் பீட்டர்ஸுக்கு நடந்தது பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சிங்கமும் ஹை கமிஷனரும் முன்னால் வந்து நின்றால், கிறிஸ்டல் பேலஸ் பட்டியலைப் போட்ட லண்டன் கனவான்கள் நைசாகப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். டெவனில் எதிர்ப்பை மீறி அவரை ஆடவைத்தது உள்ளூர்க்காரர்கள். நாட்டு அணியிலிருந்து நீக்கியது இங்கிலாந்துத் தேர்வாளர்கள், பால் ரூஸ் இல்லை. பழியை முழுக்க விருந்தாளி தலையில் கட்டிவிடுவது சௌகரியம்.

---

லெக்_கட்டர் | ஞாயிறு, மாலை 4:12

டீச்சர் வந்தா பாடம் நடத்தாம போகமாட்டாங்க :) ஆனா பாயின்ட்.

---

பழைய_பேப்பர் | ஞாயிறு, மாலை 5:25

டீச்சருக்கு நன்றி. இத்தனை நாள் நானும் ஹை கமிஷனர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 18, 1908. வேல்ஸுக்கு எதிராக, பிரிஸ்டல் ஆஷ்டன் கேட் மைதானம். ஆம், கமிட்டிக்காரர் விலகிப்போன அதே பிரிஸ்டல். அன்று மைதானத்தை மூடுபனி மூடிவிட்டது. பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்துப் பனியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேல்ஸ் 28-18 என்று வென்றது. பீட்டர்ஸ் அதன்பிறகு இங்கிலாந்துக்கு ஆடவில்லை.

---

உளிச்சத்தம் | ஞாயிறு, இரவு 8:30

நான் கேட்டது ரெண்டு கேள்வி, கிடைச்சது ஒரு புத்தகம். இன்னும் ஒண்ணு இடிக்குது. 1910-ல விரல் போச்சு, ஆனா நான் படிச்ச குறிப்பில 1912-ல அவர் ஆடத் 'தடை'ன்னு போட்டிருக்கே. அது எதுக்கு? அதுவும் நிறமா?

---

கண்டிக்குளிர் | ஞாயிறு, இரவு 9:15

அது காசு, அண்ணை.

1895 ஓகஸ்ட் 29 அண்டைக்கு ஹடர்ஸ்ஃபீல்டில ஜோர்ஜ் ஹோட்டல்ல வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் கூடிப் பிரிஞ்சு போச்சினம். என்ன சண்டை? சுரங்கத்திலயும் ஆலையிலயும் வேலை செய்யிறவன் சனிக்கிழமை ஆட வந்தால் அண்டைய கூலி போயிடும். அந்த இழப்புக்கு ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் குடுக்கவேணும் எண்டு வடக்குக்காரர் கேட்டினம். விளையாட்டுக்குக் காசு வாங்கிறது கேவலம் எண்டு லண்டன்காரர் சொல்லிச்சினம். சொன்னவைக்குச் சனிக்கிழமையும் ஒண்டுதான், திங்கட்கிழமையும் ஒண்டுதான். பிரிஞ்சுபோனவை வளர்த்ததுதான் இப்ப 13 பேர் ஆடுற றக்பி லீக். அந்தப் பக்கம் போய் ஒருக்கா ஆடினாலே யூனியன் பக்கத்துக் கதவு ஆயுசுக்கும் பூட்டு.

டெவனும் தெற்கில இருக்கிற தொழிலாளர் ஊர்தானே. அங்கயும் கிளப்புகள் கைக்குள்ள காசு வைச்சுக் குடுக்கத் தொடங்கிச்சு, வடக்கின்ர ஆட்களும் அங்க கால் வைக்கப் பார்த்தினம். 1912-ல யூனியன் விசாரணை வைச்சு ஒரு கூட்டத்தையே தடை செய்தது. பீட்டர்ஸும் அதில ஒருத்தர். அப்ப அவருக்கு 32, 33 வயசு. கையில ஏழு விரல்.

---

உளிச்சத்தம் | ஞாயிறு, இரவு 9:22

ஏழு விரல்னு எழுதினதைப் பார்த்ததும்தான் எனக்குக் கணக்கே உறைச்சுது.

---

வரலாற்று_டீச்சர் | ஞாயிறு, இரவு 9:58

கேட்டதற்கு நேரான பதில் கண்டிக்குளிர் சொன்னதுதான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். எடின்பரோவில் அவரோடு ஒரே அணியில் ஜான் ரஃபேல் இருந்தார். பிரஸ்ஸல்ஸில் பிறந்த யூதர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பாரிஸ்டர், 1917-ல் போரில் இறந்தவர். யூதர் என்பதற்காக அவருக்கு நாடு கதவை மூடவில்லை. படிப்பும் பணமும் தாங்கின. பீட்டர்ஸுக்கு அப்படித் தாங்க ஒன்றுமில்லை. 1906-ல் நிறத்துக்காக ஒதுக்கினார்கள், 1912-ல் கூலிக்காக. முதலாவதைத்தான் உலகம் நினைவு வைத்திருக்கிறது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அது அவருக்கு மட்டும் நடந்ததில்லை.

---

பழைய_பேப்பர் | திங்கள், காலை 7:10

தடைக்குப் பிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. 1913-ல் வடக்கே பேரோவுக்குப் போய் லீக் ஆடினார். பேரோவும் கப்பல் கட்டும் ஊர். 1914-ல் செயின்ட் ஹெலன்ஸ். வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு பிளிமத்துக்கே திரும்பினார். 1954 மார்ச் 26-ல் காலமானார், 74 வயது. காசு வாங்கி ஆடலாம் என்று யூனியன் ஒத்துக்கொண்டது 1995 ஆகஸ்டில். ஹடர்ஸ்ஃபீல்டு பிரிவுக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து!

இன்னும் ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆட்டத்துக்குக் கொடுப்பது கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப் 1878-ல் கலைந்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கிச் செய்த கோப்பை. மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடியின்மேல் யானை. அதற்காக முதன்முதலில் ஆடியது 1879-ல், பீட்டர்ஸ் பிறந்த வருஷம். அவருடைய முதல் சர்வதேச ஆட்டமும் அந்தக் கோப்பைக்குத்தான்.

அவருக்குப் பின் இங்கிலாந்து ரக்பி யூனியன் அணியில் அடுத்த கறுப்பர் வர எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? கிறிஸ் ஓட்டி, 1988. எண்பது வருஷம். அவருடைய முதல் ஆட்டமும் எடின்பரோவில், ஸ்காட்லாந்துக்கு எதிராக, அதே கல்கத்தா கோப்பைக்கு. அன்றும் இங்கிலாந்து எடுத்தது ஒன்பது புள்ளி, 9-6. அன்று இரவு இரு அணி வீரர்கள் இருவர் போதையில் அந்தக் கோப்பையைத் தெருவில் உதைத்து நசுக்கினார்கள் என்பது தனிக்கதை.

---

லெக்_கட்டர் | திங்கள், காலை 7:31

நம்ம ஊர் வெள்ளி ரூபாயை உருக்கிச் செஞ்சதைத் தெருவில ஃபுட்பால் ஆடியிருக்கானுங்க!

---

நெறியாளர் | திங்கள், காலை 9:00

இழையை 'கிரிக்கெட் அல்லாதவை' பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். கல்கத்தா கோப்பைக்குத் தனி இழை திறங்கள், இங்கே பீட்டர்ஸ் மட்டும்.

---

உளிச்சத்தம் | திங்கள், இரவு 8:45

சாயங்காலம் அப்பாகிட்ட முழுக் கதையையும் சொன்னேன். சிங்கம், சர்க்கஸ், தென்னாப்பிரிக்கா எல்லாத்தையும் 'உம்' கொட்டிக் கேட்டுக்கிட்டார். விரல் போன இடம் வந்ததும் சீப்புளியைக் கீழ வெச்சிட்டு, "பொருந்திக் காய்ஞ்சப்புறம் குளிர்ல விண்ணு விண்ணுனு தெறிக்கும்டா, அந்த ஊர்க் குளிர்ல பந்து வந்து மோதினா எப்படி இருந்திருக்கும்"னார். எனக்கு அது தோணவே இல்லை.

கண்டிக்குளிர், வாங்கறது குடுக்கறதுன்னு நீங்க பிரிச்சுச் சொன்னதையும் அப்பாகிட்ட சொன்னேன். உளியும் அப்படித்தானாம். பிடிக்க உள்ளங்கை போதும், திருப்பத்தான் விரல்.

---

கண்டிக்குளிர் | திங்கள், இரவு 10:05

அப்பாவுக்கு என்ர வணக்கம் சொல்லுங்கோ. வாற சனிக்கிழமை இஞ்ச பள்ளிக்கூட மட்ச் ஒண்டு இருக்கு, மழை வரும்போலயும் கிடக்கு. இந்த முறை ஸ்கோர் பார்க்கிறேல்ல, ஹாஃப் பேக்கின்ர விரலைத்தான் பார்க்கப்போறன்.

---

உளிச்சத்தம் | திங்கள், இரவு 10:11

பார்த்துட்டு வந்து எழுதுங்க. அப்பாவும் கேட்பார்.